தேராவில் ஒரு லித்துவேனிய வினைச்சொல்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாத விசிட் விசாவில் ஷார்ஜாவிலிருந்த மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் துபாயின் தேராவுக்குத் தங்கம் பார்க்கப் போவார்கள். நான் ஒரு வினைச்சொல்லைக் கேட்கப் போனேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்தவன் நான். 'போகிறேன், போகிறாய், போகிறான்' என்பது அதில் ஏமி, ஏஷி, ஏதி. பழைய லித்துவேனிய மொழியில் எய்மி, எய்சி, எய்தி. இரண்டும் ஒரே மூலமொழியிலிருந்து பிரிந்தவை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன். (நம் 'எய்து' இதில் சேராது, ஒலி ஒற்றுமை தற்செயல்.) ஆனால் லித்துவேனியர் ஒருவர் வாயால் அதைக் கேட்டதே இல்லை. புத்தகத்தை நம்பித் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்ற உறுத்தல் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. சோவியத் உடைந்தபின் லித்துவேனியா உட்பட அந்தப் பக்கத்து வியாபாரிகள் தேராவில் சரக்கெடுக்க வருகிறார்கள் என்று மகன் சொன்னான்.

ஷார்ஜா ரோலாவிலிருந்து ஷேர் டாக்ஸிக்கு ஐந்து திர்ஹம். சுமார் பதினைந்து கிலோமீட்டர், அரை மணி நேரம். மகனுக்குப் பழக்கமான கீழக்கரை ஜமால் பாயின் தோல் ஜாக்கெட் கடையில் உட்கார்ந்துகொள்வேன். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாவது முறை போனபோது ஊர் திரும்ப இரண்டே நாள் இருந்தது.

பதினோரு மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். வெள்ளையாக யார் வந்தாலும் தேராக் கடைக்காரர்கள் ருஷ்ய மொழியில்தான் வரவேற்பார்கள். பாயும் அப்படியே தொடங்கினார். இளையவள் முகம் இறுகியது. தாங்கள் ருஷ்யர்கள் இல்லை, லித்துவேனியர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி, எடுத்த ஜாக்கெட்டைத் திரும்பக் கொக்கியிலேயே மாட்டினாள்.

"எல்லாம் ஒரே ஊருதானே சார்?" என்றார் பாய்.

"அரபிங்க உங்களை மலையாளின்னு நெனச்சு மலபாரின்னு கூப்பிட்டா சும்மா இருப்பீங்களா பாய்?" என்றேன்.

"கூப்பிடத்தான் செய்றாங்க."

அவர்கள் வாசலை நெருங்கிவிட்டார்கள். அவசரமாக எழுந்து, 'நான் போகிறேன்' என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். இளையவள் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, எய்னு என்றாள். நீ போகிறாய் என்றால் எய்னி. அவனுக்கும் அவளுக்கும் அவர்களுக்கும் எய்னா ஒன்றே. நடுவில் புதிதாக ஒரு 'ன்' புகுந்திருந்தது. எய்மி? அப்படி யாரும் பேசுவதில்லை என்று தலையாட்டினாள். நான் கற்பித்தது ஏட்டில் மட்டும் இருப்பதா?

அப்போது வாசலில் நின்ற மூத்தவள் பொறுமையிழந்து கூப்பிட்டாள்: "எய்மே!"

என்ன சொன்னார் என்று கேட்டேன். 'வா, போவோம்' என்கிறாள், தினமும் சொல்வதுதான் என்றாள் இளையவள்.

எய்மேயில் அந்த 'ன்' இல்லை, எய்மியில் இருந்த அதே 'ம்'. எழுத்தே இல்லாத காலத்திலிருந்து ஒரு தலைமுறையும் விடாமல் வாய்க்கு வாய் வந்த பழைய வடிவம், ஜாக்கெட் கடை வாசலில், நேரமாகிறது என்ற சலிப்போடு! ஏமி, ஏஷி, ஏதி என்று சொல்லிக் காட்டினேன். இளையவள் மூத்தவளிடம் ஏதோ விளக்கினாள். பிறகு இருவரும் எனக்காக நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை சொன்னார்கள். எய்மே.

"கஸ்டமர் போறாங்க, நீங்க என்ன சார் கண்ணைத் துடைச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் பாய்.

போகிறவர்களுக்கு: வெள்ளி காலையில் கடைகள் மூடியிருக்கும். க்ரீக் என்ற கடற்கழியைக் கடக்கும் அப்ரா படகுக்கு ஐம்பது ஃபில்ஸ், அதாவது அரை திர்ஹம். எல்லாம் அன்றைய கணக்கு. யாரையும் முதலில் எந்த நாடு என்று கேளுங்கள். மொழி கேட்க ஆசையிருந்து, என்னைப் போல் கூச்சமும் இருந்தால், வாசலருகே உட்காருங்கள். கிளம்பும்போதுதான் மனிதர்கள் யோசிக்காமல் பேசுகிறார்கள்.