வக்கீல் தெருவில் அக்காவின் குடித்தனம்

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இம்மலரைப் பெறும் உங்களில் பலர் அவரைக் கோட்டாற்று வீட்டில்தான் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்பு நாகர்கோவிலில் வக்கீல்மார் தெருவில் அவர் குடித்தனம் நடத்திய காலத்தை எழுதுவது, கூட இருந்த தங்கையாகிய என் கடமை.

அஞ்சுகிராமத்தில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அம்மாவுக்கு உடம்பு சுகமில்லாமல் போகவே, நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. வக்கீல் குமாஸ்தாவான அத்தானை மணந்து நாகர்கோவிலுக்குப் போனதும், என்னைப் படிக்க அனுப்பும்படி அப்பாவிடம் கேட்டார். பெரிய மனிதர்கள் வாழும் தெரு, பள்ளிக்கூடமும் பக்கம் என்பதற்காகவே அப்பா சம்மதித்தார். நாடு சுதந்திரம் பெற்ற மறுவருடம் அது.

ஊரில் கொல்லையில் ஒடித்துக்கொள்ளும் கறிவேப்பிலைக்கும் அந்தத் தெருவில் சக்கரக் காசு கொடுக்க வேண்டும். குடிதண்ணீரும் விலைக்குத்தான். அக்கம்பக்கத்துக் கல்யாணங்களில் தெருவின் தரத்துக்கு மொய் வைக்க வேண்டும். அத்தானின் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். காய் வாங்க முடியாத நாள்களில் அக்கா அரைத்த பருப்புத் துவையலை நினைத்தால் இன்றும் நாவூறுகிறது. நான் பாடம் எழுதும்போது, அருகில் அமர்ந்து அவரும் ஆங்கில எழுத்துகளை எழுதிப் பழகுவார்.

வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தியபோது, அக்கா முன்னறையைப் பிலோமினாவுக்கு விட்டார். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை ஊரிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவர் அவர். அவருடைய அப்பா கருவாட்டு வியாபாரி. கோர்ட்டில் அத்தானுக்குப் பழக்கம். அறை முன்னால் இருந்தாலும் பிலோமினா எந்நேரமும் எங்களோடு அடுக்களையில்தான். அவர் இழுத்து இழுத்துப் பேசுவதைக் கேட்டு அக்கா சிரிப்பார். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சில மாதங்களில் வீட்டுக்காரர் வந்து நின்றார். மீன்காரர் வீட்டுப் பிள்ளை இருப்பது தெருவுக்கே கௌரவக் குறைவு, அவளை அனுப்புங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்றார். அத்தான் தலைகுனிந்து நின்றார். பிலோமினா பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

"மாசக் கடைசியில சாவி தாறோம்," என்றார் அக்கா. "அந்தப் பிள்ள எங்க கூடத்தான் வரும்."

கோட்டாற்றில் சந்தைக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு கிடைத்தது. செய்தி கேட்டதும் அப்பா என்னை ஊருக்கு அழைத்துப்போக வந்தார். என் துணிமணிகளைக் கட்டியாகிவிட்டது. அப்பாவிடம் எதிர்த்துப் பேசியே அறியாத அக்கா வாசலில் வந்து நின்றார்.

"தெருவாப்பா இவள படிக்க வச்சுது? நாங்கள்லா படிக்க வைக்கோம். இவ எங்கயும் வரமாட்டா."

அப்பா என் துணிமூட்டையை உள்ளே நகர்த்தி வைத்தார். பிறகு, "சோறு போடு மக்கா," என்றார். சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார். கும்பப்பூப் போகம் அறுத்து முடிந்ததும் அப்பாவிடமிருந்து எங்களுக்கு நெல் மூட்டை வந்தது.

நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த வருடம் நான் ஆசிரியையானேன். அக்கா தம் பிள்ளைகளையும் அந்த ஓட்டு வீட்டிலேயே வளர்த்து ஆளாக்கினார். நோயில் படுத்த கடைசி நாள்களில் பிலோமினா வந்து கூடவே தங்கினார். அவர் தலைவாரிவிட்டுக் கொண்டிருந்தபோது அக்கா என்னிடம், "அந்தத் தெருவ விட்டதுல எனக்கு ஒருநாளும் சங்கடமில்ல, கேட்டியா," என்றார். மறுநாள் விடியுமுன் அவர் உயிர் பிரிந்தது.

வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கடையடைத்து வந்து தோள்கொடுத்த சந்தைக் கடைக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. பிலோமினாவின் பெயரையும் இங்கே எழுதப் போனேன். அக்காவின் மூத்த மகன் தடுத்துவிட்டான்.

"சித்திக்கு எதுக்கு நன்றி?" என்றான்.