மூட்டைக்குள் என் கம்பளி

என் வீட்டுக்காரர் சிப்ரியானோ கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

எங்கள் மலைக்கிராமம் வில்லாகோட்டாவில் மூதாதையின் மேலங்கி ஒரு மூட்டைக்குள் இருக்கும். காவல்காரர் மட்டும்தான் அதைப் பிரிக்கலாம். மற்றவர்கள் கொக்கா இலை வைத்துக் கும்பிட்டு, வேண்டுதலுக்கு ஒரு நூல் கொடுப்பார்கள். அதை அவர் அங்கியின் ஓரத்தில் முடிந்துவைப்பார். பவுலினோ அண்ணனுக்குப் பிறகு அந்தக் காவல் என் வீட்டுக்காரருக்கு வந்தது.

மழை பொய்த்து எங்கள் லாமா மந்தை செத்த வருஷம், நகரத்து வியாபாரி ஒருவன் வந்தான். அங்கி போனது, எங்கள் வீட்டுக்குத் தகரக்கூரை வந்தது. சுரங்கத்தில் வேலை செய்யும் என் தம்பி பணம் அனுப்பினான் என்று ஊரில் சொல்லிவைத்தோம். மூட்டை இளைத்துத் தெரியக்கூடாதே என்று என் பழுப்புக் கம்பளியை நானே மடித்துக் கொடுத்தேன். ஆகவே இந்த வெட்கத்தில் பாதி என்னுடையது.

அன்று அவர் செய்த கிறுக்குத்தனத்தைக் கேளுங்கள். கெட்டது அண்டாமலிருக்க அங்கியின் ஓரத்தில் இடப்பக்கமாக முறுக்கிய நூல் ஒன்று தைத்திருக்கும். அந்நியன் வீட்டுக்கு நம் காவல் எதற்கு என்று அதை மட்டும் உருவித் தன் கொக்காப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினோரு வருஷம் கழித்து ஏலப் புத்தகம் ஒன்றில் அங்கியின் படத்தைப் பவுலினோ அண்ணன் பார்த்துவிட்டார். மூட்டையைப் பிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி ஒரு கம்பளி. இருட்டறையில் காவல்காரரையே ஏமாற்றித் திருடன் மாற்றிவிட்டான் என்று ஊரே கொதித்தது. நாங்களும் கூட நின்று திருடனைத் திட்டினோம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

வழக்கு நகரத்துக்குப் போனது. வியாபாரியின் வக்கீல் சிரித்தான். "இந்த மாதிரி நூறு ஊர்ல நெய்யறாங்க. உங்க ஊருதுன்னு என்ன அத்தாட்சி?"

பவுலினோ அண்ணன் ஏலப் புத்தகத்துப் படத்தையே மறுபடி தூக்கிக் காட்டினார். அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"ஓரத்துல ஊசித்துளை இருக்கும், பாருங்கய்யா. அந்த நூல் எங்கிட்ட இருக்கு."

"உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றார் நீதிபதி.

"நான்தான் வித்தேன். எனக்குச் சொந்தமில்லைன்னு தெரிஞ்சேதான் வித்தேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. நூல் துளைகளுக்குச் சரியாகப் பொருந்தியது. ஊர்ப் பொருளை விற்கக் காவல்காரனுக்கு உரிமையில்லை என்று தீர்ப்பானது. ஊர் ஜெயித்தது. திரும்பிவரும் பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. முன்சீட்டிலிருந்து பக்கத்து வீட்டுப் பசிலியா மட்டும் திரும்பி, "ஏண்டி நர்சிசா, தகரத்துக்குக் கீழ நல்லா தூக்கம் வந்துச்சா?" என்றாள்.

இறந்தோர் திருநாளுக்கு அங்கி ஊருக்கு வந்தது. பவுலினோ அண்ணன் எங்களைக் கூப்பிட்டுக் கம்பளியை நீட்டினார்.

"எடுத்துக்கம்மா. உன்னுதுதானே."

அதன் ஓரமெல்லாம் முடிச்சுகள், பதினோரு வருஷத்து வேண்டுதல்கள். நடுவில் ஒரு சிவப்பு நூல். காய்ச்சலில் கிடந்த மகளுக்காகப் பசிலியா கொடுத்தது. அந்தப் பிள்ளை அந்தக் குளிர்காலமே போய்விட்டது.

பசிலியா கூட்டத்திலிருந்து வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்தச் செவப்பு நூல மட்டும் அவுத்துக் குடுங்கண்ணே."

என் வீட்டுக்காரர் மண்டியிட்டு முயன்றார். நகத்தால் நெம்பிப் பார்த்தார். வேண்டுதல் நழுவிவிடக்கூடாது என்று அன்றைக்கு அவரே இறுக்கிப் போட்ட முடிச்சு அது. அவிழவே இல்லை. பசிலியா கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.