எழுபத்திரண்டு படம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சாப்பாட்டு மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கேமராவைக் கொண்டுவந்து வைத்தாள். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, பச்சை நிறம். "அப்பா, ஃபிலிம் கேமரா. ஹாஃப் ஃபிரேம். முப்பத்தாறு படம் எடுக்கிற ரோல்ல எழுபத்திரண்டு போட்டோ எடுக்கலாம், பதா ஹை, தெரியுமா?" என்றாள், என்னவோ அவளே கண்டுபிடித்த மாதிரி. கைபேசியில் ஒரு கல்யாணத்துக்கே நானூறு படம் எடுக்கிறவள் எழுபத்திரண்டைப் பெரிய எண்ணாகச் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

பிறகு ஃபிலிம் டப்பாவின் மூடியைத் திறந்தாள். அந்த வாசனை மட்டும் மாறவேயில்லை. புது ரப்பர் செருப்பும் மருந்துக்கடையும் கலந்த ஒரு நெடி. எத்தனையோ வருஷம் கழித்து அது மூக்கில் ஏறியதும் நான் பழையபடி டெல்லி சரோஜினி நகரில் இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஓர் அமைச்சகத்தில் கடைநிலை எழுத்தர் வேலை. அண்ணாச்சி என்று நான் கூப்பிட்ட ஒரு விருதுநகர்க்காரரின் அரசுக் குடியிருப்பில் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. அரசு வீட்டில் ஆள் வைப்பது சட்டப்படி கூடாது; ஆனாலும் பாதி வீடுகளில் யாராவது இருப்பார்கள். யாராவது விசாரித்தால் நான் அவருடைய அக்கா மகன். ஆகவே வெளியாள் முன்னால் அவர் எனக்கு மாமா, மற்ற நேரம் அண்ணாச்சி. இந்தக் கணக்கில் அவருடைய மகள் வசந்தி எனக்கு முறைப்பெண் ஆகிவிடுகிறாளே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டவர்கள் உண்டு. காதல் கீதல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நல்லபடியாக நடந்துகொண்டிருப்பேனோ என்னவோ.

கேமரா வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர் வாங்கச் செங்கோட்டைக்குப் பின்னால் நடைபாதைச் சந்தைக்குப் போனேன். ஸ்வெட்டர் குவியலுக்குப் பக்கத்திலேயே ஒரு கிழவர் பழைய டார்ச், கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் பரப்பி வைத்திருந்தார். நடுவில் இதே மாதிரி ஒரு பழைய ஹாஃப் ஃபிரேம் கேமரா. ஸ்வெட்டர் பணம் அதற்குப் போயிற்று. அந்த டிசம்பர் முழுக்கச் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன்.

மற்ற கேமரா ஒரு படம் எடுக்கிற இடத்தில் அது இரண்டு எடுக்கும். இன்னொரு வேடிக்கை, கேமராவைச் சாதாரணமாகப் படுக்கைவாக்கில் பிடித்தாலே படம் நெட்டையாக விழும். குதுப்மினார்கூட முழுசாக அடங்கும். ஆட்களை நிற்கவைத்து எடுத்தால் தலையும் காலும் தப்பாமல் வரும். அதற்கு மேல் அதில் ஒரு பெருமையும் கிடையாது. வெயில் இல்லாவிட்டால் எல்லாரும் பேய் மாதிரி இருப்பார்கள்.

முதல் ரோலை நானே பாழாக்கினேன். படம் முடிந்ததும் திரும்பச் சுற்ற வேண்டும் என்று தெரியாமல், நல்ல மத்தியான வெயிலில், வீட்டுக்கு முன்னால் இருந்த புல்தரையில் உட்கார்ந்து பின்மூடியைத் திறந்துவிட்டேன். ஃபிலிம் பளபளவென்று வெளியே தெரிந்தது. பட்டாணி உரித்துக்கொண்டிருந்த வசந்தி, "ஐயையோ, மூடுங்க, மூடுங்க!" என்று கத்தினாள். மூடினேன். எழுபத்திரண்டும் போச்சு. அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பட்டாணியெல்லாம் சிதறியது.

அடுத்த குளிர்காலம் வந்தபோது இரண்டாவது ரோலில் பதினெட்டே படம்தான் எடுத்திருந்தேன் என்றால் நம்புங்கள், அப்படி ஒரு சிக்கனம். பேருந்தின் பின்புறம், பனிமூட்டத்தில் தெருவிளக்கு, அலுவலக மாடிப்படி என்று கலைப்படம் எடுப்பதாக எனக்கு நினைப்பு. அந்த நேரத்தில்தான் விருதுநகரிலிருந்து கடிதம் வந்தது. வசந்திக்கு ஒரு வரன். பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம். ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய படத்தை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டூடியோக்காரன் பவுடரும் வெளிச்சமும் போட்டு யாரையும் சிவப்பாக்கிவிடுவான், வீட்டு வாசலில் நிற்கவைத்து, தலை முதல் கால் வரை, இயற்கையாக எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

"தம்பி, உங்க பொட்டி இதுக்குன்னே செஞ்ச மாதிரில்ல இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

கார்த்திகை மாசத்து வெயில், ஞாயிற்றுக்கிழமை. வசந்தி பச்சைப் புடவை கட்டிக்கொண்டு குழாயடிப் பக்கம் புல்தரையில் வந்து நின்றாள். அதற்குள் என் ரோலில் இருபத்தெட்டு ஆகியிருந்தது. மூன்று படம் எடுத்தேன். முதல் இரண்டிலும் சரியாகத் தட்டுகிற நொடியில் கண்ணை மூடிவிட்டாள். வேண்டுமென்றே மூடினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்றாவதில் அண்ணாச்சி பக்கத்தில் வந்து முறைத்ததால் கண் திறந்தே இருந்தது. அது முப்பத்தோராவது படம். உடனே குழாய்மேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. கேமராவை அப்படியே திருப்பி அதையும் எடுத்தேன். அது முப்பத்திரண்டு.

"எப்பக் கிடைக்கும்?" என்றார் அண்ணாச்சி.

"ரோல் முடியணும் அண்ணாச்சி."

அந்தக் காலத்தில் ரோல் முடிய வேண்டும் என்பது மழை வர வேண்டும் என்பது மாதிரி. யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். அடுத்து மார்கழி வேறு. எப்படியும் தை பிறந்துதான் பேச்சு நகரும்.

மறுநாள் காலையில் வசந்தி குழாயடியில் என்னைப் பிடித்தாள். "இன்னும் எத்தனை இருக்கு?"

"நாப்பது."

"மெதுவா எடுங்க. என் பரீட்சை ரிசல்ட் வரட்டும். வேலை கிடைச்சா டெல்லியிலயே மாப்பிள்ளை பாக்கலாம்னு அப்பா சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி போட்டோ போயிருச்சுன்னா அவ்வளவுதான்."

மத்திய அரசு எழுத்தர் தேர்வு எழுதியிருந்தாள். தட்டச்சில் என்னைவிட வேகம். என் அலுவலகத்தில் நான் இரண்டு விரலால் தட்டுகிற லட்சணத்தைப் பார்த்திருந்தால் அந்த வேலையை அவளுக்கே கொடுத்திருப்பார்கள். சரி என்றேன். எனக்கென்ன, மெதுவாக எடுப்பது என் பிறவிக் குணம்.

அதிலிருந்து எங்களுக்குள் வணக்கம், சாப்பிட்டாச்சா எல்லாம் போய் ஒரே கேள்விதான், எத்தனை எடுத்தாச்சு என்று. "எத்தனை?" "முப்பத்துநாலு." பத்து நாள் கழித்து, "எத்தனை?" "முப்பத்தாறு." கேமராவின் தலையில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடிக்குள் எண் தெரியும். அண்ணாச்சியும் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். பொங்கலன்று கரும்பைக் கடித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். முப்பத்தெட்டு. "என்ன தம்பி, இது மூணாந்தேதிலருந்து அங்கனயே நிக்குது?" என்றார். வெளிச்சம் சரியில்லை அண்ணாச்சி என்றேன். டெல்லியின் ஜனவரியில் அது பொய்யுமில்லை.

அந்த வார ஞாயிறு நல்ல வெயில். நான் துணி துவைத்துவிட்டு வருவதற்குள் அண்ணாச்சி கேமராவோடு புல்தரையில் நின்றார். பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும், சிரித்து முடிந்ததும் வேறு மாதிரி இருக்கும். ஸ்கூட்டரை முன்னாலும் பின்னாலும் எடுத்தார். காலிஃபிளவர் வண்டி வந்தது, அதை எடுத்தார். பக்கத்து வீட்டு சர்தார்ஜி தலைப்பாகைத் துணி உலர்த்தினார். அவரை நான்கு படம். தண்ணீர்த் தொட்டி. மீட்டர் பெட்டி. வீட்டு எண். "ஜல்தி முடிச்சிருவோம், விடுங்க" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். முப்பத்துநாலு படம், அரை மணி நேரம். வசந்தி வாசற்படியில் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், உரிக்கவில்லை.

"இனிமே நகர மாட்டேங்குது. சுத்திக் கொண்டுபோய்க் குடுத்திருங்க தம்பி" என்று என் கையில் கொடுத்துவிட்டு அவர் குளிக்கப் போனார்.

நான் பின்னறைக்குப் போனேன். வசந்தி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "சுத்தாதீங்க" என்றாள். "அன்னைக்கு மாதிரி அந்த மூடியை ஒரு தடவை வெயில்ல திறந்து மூடிருங்க. தெரியாமத் திறந்துட்டேன்னு சொல்லுங்க. அப்பா நம்புவாங்க, ஏற்கெனவே செஞ்சவருதானே."

ஒரு நொடி வேலை. அதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதிவிடுகிறேன், மெருகு போடாமல்.

"என் போட்டோவும் அதுல நெறைய இருக்கே வசந்தி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ரோலைச் சுற்றினேன்.

மார்க்கெட்டில் புதிதாக வந்திருந்த, ஃபிலிம் கழுவிப் படம் போடுகிற கலர் லேபில் கொடுத்தேன். கடைக்காரர் சுருளைப் பார்த்துவிட்டு, "மெஷின் ஹை பாய் சாப், தோ ஏக் சாத் ஆயேகா" என்றார். சொன்ன மாதிரியே ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு படம் ஒட்டி வந்தது, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. வசந்தி பக்கத்தில் மைனா. அண்ணாச்சி காய் நறுக்குகிற மேசையில் வைத்துக் கத்தரியால் இரண்டாக வெட்டினார். பெண் இருந்த பாதியை உறைக்குள் வைத்தார். அவளுடைய நெகட்டிவ் மூன்றையும் கேட்டு வாங்கி வெட்டி எடுத்துக்கொண்டார். கல்யாணம் ஆகப்போகிற பெண்ணின் நெகட்டிவ் வேற்று ஆண் கையில் இருக்கக்கூடாது. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க தம்பி, உங்க பாதி."

மாசியில் கல்யாணம். விருதுநகரில் நடந்தது, நான் போகவில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு பழுப்பு உறை வந்தது. வசந்திக்கு வேலை. அண்ணாச்சி அதை மூன்று தரம் படித்துவிட்டு ஃபிரிஜ்மேல் வைத்தார். நாலு நாள் அங்கேயே இருந்தது. பிறகு, "நீங்களே அட்ரஸ் எழுதி அனுப்பிருங்க தம்பி, எனக்குக் கை வரல" என்றார். அனுப்பினேன். வேலையில் சேரவேண்டிய நாள் அதற்குள் தாண்டியிருக்கும்.

ஒரு மாதம் கழித்து என் பெயருக்கு அஞ்சலட்டை வந்தது. இரண்டே வரி. "கடிதம் கிடைத்தது. உங்கள் போட்டோவெல்லாம் நன்றாக வந்தனவா?"

குத்திக்காட்டி எழுதினாளா, உண்மையிலேயே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் போடவில்லை. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், கடைக் கணக்கெல்லாம் அவள் கையில்தான் என்று யாரோ சொன்னார்கள். சந்தோஷம்தான். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது.

அண்ணாச்சி ஓய்வுபெற்று ஊருக்குப் போய் அங்கேயே காலமானார். அந்த லேப் இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். அந்த வரிசை வீடுகளை இடித்தாயிற்று. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது தகரத் தடுப்புக்குப் பின்னால் கிரேன் மட்டும் தெரிந்தது. புல்தரை எந்தப் பக்கம், குழாய் எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மகளுக்குக் காட்டலாம் என்று பழைய உறையைத் தேடி எடுத்தேன். இப்போதெல்லாம் இரண்டு படம் ஒட்டி வருவதுதான் ஸ்டைலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பேருந்து ஆடியிருந்தது. தெருவிளக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அலுவலக மாடிப்படி முழுக்க இருட்டு. மைனாவிடம் வந்ததும் நிறுத்தினாள். அண்ணாச்சியின் கத்தரி கொஞ்சம் கோணலாகப் போயிருக்கிறது. ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்குப் பச்சைப் புடவை தெரிகிறது.

"இது கட் பண்ணியிருக்கே. தூஸ்ரா ஹாஃப் எங்கப்பா?"

"அது என்னோடது இல்லம்மா" என்றேன்.

படத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "மைனாவா இது? ஃபோகஸே இல்லையே" என்றாள்.

இல்லைதான். நன்றாக வரவில்லை, வசந்தி. ஒன்றுகூட நன்றாக வரவில்லை.