இருபத்தொரு நாள் ஊசி

சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளைத் தூள் கிடக்கும். எங்கள் நர்சம்மா அதற்குள் ஊசித் தண்ணீரை ஏற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். தூள் சரியாகக் கரையாவிட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும். மறுபடி குத்த வேண்டிவரும். கம்பம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்தேன். அந்தக் குப்பியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஊசி ஒரு ஏலத்தோட்டக் கூலிப் பெண்ணுக்கு. காலை ஜீப்பில் கேரள மலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவள். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. அந்தக் காய்ச்சல் திரும்பி வந்தால் வால்வு இன்னும் கெடும். வராமலிருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை பென்சிலின். ஜீப் வரத் தாமதமானால் நர்சம்மா வீட்டுக்குப் போகாமல் காத்திருப்பார். ஒரு நாள் தள்ளிப் போனாலும் திட்டு விழும். "ஏத்தா, ஒன் நெஞ்சு என்ன ஏலக்கா மூட்டையா, நாளைக்கு எடுத்துக்கலாம்னு போட்டு வைக்க?" வருஷக்கணக்கில் அவள் அந்த ஊசியால்தான் மலை ஏறி இறங்கினாள்.

பிறகு காப்பீட்டு அட்டை வந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முகாம் எங்கள் நிலையத்திலேயே நடந்தது. நோயாளிகளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, எங்களை வரிசை ஒழுங்குபடுத்த நிறுத்தினார்கள். அது காய் எடுக்கும் பருவம். ஒரு நாள் நின்றால் ஜீப்பில் அவள் இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடும். அதனால் அவளுடைய கணவனோடும் பிள்ளைகளோடும் தங்கை வந்து, அக்காள் பெயருக்கு நேராக உட்கார்ந்தாள். "தலைக்கணக்கு சரியா இருந்தாப் போதும்னாக" என்றான் கணவன். ரேஷன் வரிசையில் அக்காளுக்காகத் தங்கை நிற்பது எங்கள் ஊரில் வழக்கம்தான். பார்த்துக்கொண்டே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் பென்சிலின் நின்றுபோனது. நான் எழுதி அனுப்பிய பட்டியல்கள் 'இருப்பு இல்லை' என்று திரும்பி வந்தன. நேரில் போய்க் கேட்டதற்கு மேலதிகாரி, "அதான் எல்லாருக்கும் கார்டு குடுத்தாச்சே, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றார். அந்த அட்டை அறுவை சிகிச்சைக்குத்தான் செல்லும், ஊசிக்குச் செல்லாது என்பது அவருக்குத் தெரியாதா? அந்த அட்டையால் பிழைத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வால்வை மாற்ற ஏற்பாடு செய்தவர்களுக்கு, வால்வு கெடாமல் காக்கும் ஒரு குப்பி மருந்தை அனுப்பத் துப்பில்லை.

நர்சம்மா கம்பத்துக் கடைகளில் தேடிக் கிடைத்ததை வாங்கிப் போட்டார். பிறகு கடைகளிலும் கிடைக்கவில்லை. காய்ச்சல் திரும்ப வந்தது. நாலு அடி நடந்தால் அவளுக்கு மூச்சு வாங்கியது. உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நர்சம்மாவே கூட்டிப்போனார், நானும் போனேன். காப்பீட்டு மேஜையில் இருந்தவர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது இவங்க இல்லையே" என்று அட்டையைத் தள்ளினார்.

நர்சம்மா அங்கேயே கத்திவிட்டார். "எத்தன வருசமா இவளுக்கு ஊசி போட்டிருக்கேன், ஒரு நாளாவது மூஞ்சிய ஒத்துப் பாத்துட்டாய்யா போட்டேன்?" படத்தை மாற்ற மனு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். திரும்பும் பஸ்ஸில் நர்சம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. உத்தமபாளையம் தாண்டியதும், "நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீக" என்றார்.

பிறகு சேர்த்த அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முறை வரக் காத்திருந்தபோதே அவள் இறந்துபோனாள். மனுவுக்குப் பதில் வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் தங்கை நிலையத்துக்கு வந்தாள். அட்டையை என் மேஜைமேல் வைத்தாள்.

"எங்கக்கா பேருக்கு நேரா எம் மூஞ்சி இருக்கு சார். இத மட்டும் எடுத்துருங்க."

அதற்கு எங்களிடம் ஒரு படிவம்கூட இல்லை.