கிணற்றடியில் கட்டிய சிவப்புத் துணி

தயவுசெய்து இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். பெரியப்பாவின் கண்ணில் பட்டால் எங்களை இந்தக் காணியிலிருந்து எழுப்பிவிடுவார். இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு விசுவமடுவில் வேறு இடம் இல்லை. லெட்சுமி அக்காவைத் தெரிந்தவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

நேற்று வகுப்பில் இருக்கும்போதுதான் செய்தி வந்தது. வாந்திபேதி முற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உழவு மெசின் இழுத்துப்போன பெட்டியிலேயே அக்கா இறந்துவிட்டா. "ஆர், அந்தப் பீ கணக்கெடுக்கிறவாவோ?" என்று பின்வாங்கில் இருந்த ஒருத்தி சிரித்தாள். அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

அந்தப் பட்டம் அக்காவுக்கும் தெரியும். சுகாதாரத் தொண்டரல்லவா? சைக்கிளில் வீட்டுவேலிப் படலை படலையாக வந்து, "இன்னைக்கு யாருக்காச்சும் வயித்தால போச்சா? எத்தனை தரம்?" என்று கேட்பா. நோய் உள்ள வீட்டுப் படலையில் சிவப்புத் துணி கட்டுவா. கிணற்றுக்கு மருந்து போடுவா. ஒருநாள் நான் பதில் சொல்லக் கூசி நின்றேன். "வெக்கப்பட்டு மறைச்ச வீட்டுலதாம்மா பொணம் விழும்" என்றா.

அக்கா மலையகத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பம். பெரியப்பா வீட்டில் மற்றவர்களுக்கு வெண்கல மூக்குப்பேணியில் தண்ணீர். அக்காவுக்கு மட்டும் வேலியில் கவிழ்த்து வைத்த ரின்பால் தகரப் பேணி. "நான் தண்ணி கொண்டாந்திருக்கேங்க" என்று தன் போத்தலைக் காட்டுவா. கொதித்தாறிய தண்ணீர். வெளியில் வேறு எதுவும் குடிக்கமாட்டா.

போன கிழமை, பெரியபிள்ளையான பெரியப்பாவின் மகளுக்குச் சாமத்திய வீடு. அவருடைய சின்ன மகன் பின்னறையில் வாந்திபேதியோடு கிடந்தான். படலையில் சிவப்புத் துணி ஏறினால் விருந்துக்கு யார் வருவார்கள்? பெரியம்மா அவனுடைய துணிகளை இருட்டோடு கிணற்றுக்கட்டில் வைத்துத் துவைத்தா. அந்த ஊத்தைத் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே வடிந்தது. ஒழுங்கையில் உள்ள வீடுகளெல்லாம் குடிக்கிற கிணறு.

அக்கா படலைக்கு வந்ததும் பெரியப்பா எதிரே ஓடினார். "வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ. இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை." மூக்குப்பேணி நிறையச் சர்பத் நீட்டினார். அக்கா தயங்கினா.

"ஏன், எங்கட வீட்டுத் தண்ணி உங்களுக்குச் சரிவராதோ?" என்று எல்லோரும் கேட்கச் சிரித்தார்.

அக்கா அந்தப் பேணியையே பார்த்தா. பிறகு உதடு படாமல் அண்ணாந்து, முழுவதையும் குடித்தா.

இன்று செத்தவீட்டில், "தன்னலமில்லாத பிள்ளை" என்று பெரியப்பா பேசினார். திரும்பி வந்து அதே கிணற்றடியில் கால் கழுவும்போது, "எந்த வாய்க்கால்ல அள்ளிக் குடிச்சாளோ!" என்றார். இவரோடு ஒரே பந்தியில் இருந்து சோறு தின்றதை நினைத்தாலே வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

பின்னேரம் தொடக்கம் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். "ஆரிட்டையாவது சொல்லுவம் அம்மா" என்றேன். "வாயை மூடு. ஆரின்ர காணியில இருக்கிறம் எண்டு தெரியுமெல்லே?" என்று அம்மா அழுதா. நான் தம்பியிடம் குனிந்து, "எத்தனை தரம்?" என்று கேட்டேன். ஒரு கை விரல்கள் போதவில்லை அவனுக்கு.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இனிக் கூசாமல் கேட்பேன். சாமத்திய வீட்டுக்குப் பெரியம்மா தைத்துத் தந்த சிவப்புப் பாவாடையைக் கிழித்து, சற்றுமுன் கிணற்றுத் துலாவில் கட்டிவிட்டு வந்தேன். காலையில் மற்றத் தொண்டர்கள் வருவார்கள். அதைக் கண்டால் இறங்கி விசாரிப்பார்கள். கிணற்றைப் பூட்டுவார்கள், தம்பியையும் பார்ப்பார்கள். அந்தத் துணி யாருடையது என்று பெரியம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் விடியுமட்டும் ஒருவரும் கிணற்றடிக்குப் போகாவிட்டால்

கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பாவின் குர