தொப்பியில் தொங்கிய குப்பி

ஜூரிக் நகரத்து வேதியியல் கூடத்தில் உர்சினாவின் ஆறு வருஷமும் மஞ்சள் வெளிச்சத்திலேயே போயிற்று. அவளுடைய படிகங்களுக்கு வெயில் ஆகாது என்பதால் ஜன்னலுக்கெல்லாம் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார்கள்.

அவள் செய்யப் பார்த்தது ஒரு வலை. கனம் ஒரே ஒரு மூலக்கூறு. நீளமும் அகலமும் மட்டும் விரியும். மூலக்கூறுகளைப் படிகத்துக்குள் வரிசையாக நிறுத்தி, குளிரில் வைத்து, அளவாக ஊதா ஒளி காட்டினால் அவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ள வேண்டும். கோத்திருந்தால், கொதிக்கும் திரவத்தில் ஏடு ஏடாக உரியும். இல்லாவிட்டால் சர்க்கரையாகக் கரைந்துவிடும்.

ஒரே ஒரு முறை உரிந்தது. கூடமே கைதட்டியது. "இன்னொரு தடவை செஞ்சு காட்டும்மா, பட்டம் உனக்குத்தான்" என்றார் பேராசிரியர். சொல்கிறவருக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? அதற்குப் பிறகு போட்டதெல்லாம் கரைந்தது. மிச்சம், வெளிச்சம் படாமல் வெள்ளித்தாள் சுற்றிய குப்பியில் ஒரு சிட்டிகைப் படிகம். மறுபடி தயாரிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அவளுடைய வேலை ஒப்பந்தமோ இலையுதிர் காலத்தோடு முடிகிறது.

திங்கட்கிழமை குளிர்பெட்டியைத் திறந்தாள். குப்பியைக் காணோம்.

கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கருவிகள் ஊதித் தரும் ரெகுலாதான் அவளுக்கு நெருங்கின தோழி. ஓடிப்போய்க் கேட்டாள்.

"என் குளிர்பெட்டியில ஒரு குப்பி இருந்துச்சே, பாத்தியாடி?"

"அதுக்குள்ள மூக்குல வேர்த்துடுச்சா உனக்கு? சரி, கண்ண மூடு."

பட்டம் வாங்குகிறவர்களுக்குக் கூட்டாளிகளே அட்டையில் தொப்பி செய்து, அவர்கள் பட்ட பாட்டையெல்லாம் அதில் தொங்கவிடுவது அங்கே வழக்கம். காபி அறை ஜன்னலிலிருந்து ரெகுலா தொப்பியைத் தூக்கி வந்தாள். உடைந்த குடுவை, கருகிய கையுறை, அவள் ஊர் ஞாபகத்துக்கு ஒரு குட்டிப் பசு பொம்மை. உச்சியில் குப்பி.

"அதான் ஜெயிச்சிட்டியே, மிச்சம் எதுக்குன்னு எடுத்துட்டேன். வெள்ளித்தாள் சுத்தி ஒளிச்சு வச்சிருந்தியே, கஞ்சப் பிசினாறி! பிரிச்சு வெயில்ல வச்சேன் பாரு, ஒரு வாரமா என்னமா மினுக்குச்சு தெரியுமா? இப்பதான் கொஞ்சம் மங்கிடுச்சு."

உர்சினா குப்பியை ஆட்டிப் பார்த்தாள். படிகம் ஒன்றுகூட முழுசாக இல்லை. வெயிலில் வெடித்து வெறும் தூளாகிக் கிடந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். ரெகுலாவின் விரல்களில் பசை இன்னும் காயாமல் ஒட்டியிருந்தது.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பிடிக்கலியா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப போட்டுப் பாரு. உன் தலைக்கு அளவு தெரியாம குத்துமதிப்பா வெட்டினேன்."

உர்சினா குனிந்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது.