கையெழுத்துப் போட மறுத்தவர்

தாம்பரம் பக்கத்து ஆய்வகத்தில், குடல் மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்ட பன்றிகளைப் பராமரித்தவர் ஓர் ஒல்லியான பெண். பன்றிகளின் வயிற்றில் ஒட்டிய கழிவுப் பையைத் தினமும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

புதுக் குடலை உடல் நிராகரிக்கிறதா என்று கண்டறிவது என் வேலை. அன்று பார்த்த பன்றிக்குக் காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, திசுப் பரிசோதனை சரி. தாளில் "நார்மல்" என்று எழுதி, பராமரிப்பவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால் அவரிடம் நீட்டினேன்.

"போட மாட்டேன் மேடம். நேத்துலேருந்து பையில தண்ணியா கொட்டுது."

"திசுவுல ஒண்ணும் இல்லையேம்மா," என்றார் கூட இருந்த அறுவைச் சிகிச்சை டாக்டர்.

"நீங்க கிள்ளி எடுத்த இடத்துல இல்ல சார். மத்த இடத்துல?"

டாக்டர் முறைத்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பெண் டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சற்றுத் தள்ளி மறுபடி திசு எடுத்தோம். நிராகரிப்பு தொடங்கியிருந்தது. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கூட்டியதில் பன்றி பிழைத்தது.

மறுநாள் அடுத்த பன்றியின் தாளை, நன்றியோடு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இருங்க மேடம். நான் இன்னும் பாக்கல."